ஸீனத் வீட்டு வானம்

ஸீனத் தன் வீட்டுக்கு மேலிருந்த வானத்தை ஜவாஹிர் ஹாஜியாருக்கு எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து அந்த வீட்டின்மேல் மழை பெய்யவில்லை. எழுதிக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் மன்னார் முழுக்க மாரி மழை இறங்கியபோது மதிலுக்கு வெளியே தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. மதிலுக்கு உள்ளே கோழிகள் காய்ந்த மண்ணைக் கிளறிக் குளித்துக்கொண்டிருந்தன. மழை மதிலின் விளிம்பு வரைக்கும் வந்து, வெட்டிவிட்ட துணியைப் போல நேராக நின்றது. காகங்கள் அந்த வீட்டின் மேலாகப் பறப்பதை விட்டு மதிலோரமாகச் சுற்றிப் போயின. பக்கத்துப் பிள்ளைகள் விட்ட பட்டம் ஒன்று கூரைக்கு நேரே வந்ததும், நல்ல காற்று இருந்தும், கல்லைப் போல விழுந்தது. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அங்கே வெறுமையாகவோ இருட்டாகவோ எதுவும் தெரியவில்லை. பழைய வேட்டியின் நிறத்தில் ஏதோ இருந்தது. அதை அதிக நேரம் பார்க்க ஒருவருக்கும் பொறுமை வரவில்லை. அந்தக் கிழமை விளைமீன் விலை ஏறியிருந்ததால் சந்தையில் சனங்கள் அதைப் பற்றியே கூடுதலாகப் பேசினார்கள்.

அந்த வீடு நகரத்துக்கும் பள்ளிமுனைக்கும் இடையில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியது. மாடி இல்லை. உயர்ந்த ஓட்டுக் கூரையும், கடல் பக்கத்தில் முக்கோணமாக எழும் ஒரு முகட்டுச் சுவரும் உண்டு. பள்ளிமுனை மீனவர்களுக்கு அந்தச் சுவர் வீட்டைச் சேர்ந்ததல்ல, கடலைச் சேர்ந்தது. கரையை அண்டிய கடல் ஆழமில்லாதது. மணல் திட்டுகளுக்கு நடுவே வள்ளம் வரக்கூடிய ஓடை ஒன்றுதான் இருக்கிறது. கடலில் இருந்து பார்க்கும்போது வெள்ளைச் சுவரும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் கத்தோலிக்கக் கோயில் மணிக்கோபுரமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து நின்றால் வள்ளம் ஓடைக்குள் இருக்கிறது. இரண்டும் விலகினால் வள்ளம் மணலில் ஏறும். இதை அவர்கள் குறி என்பார்கள். ஜி.பி.எஸ் வைத்திருக்கும் இளந்தாரிகளும் ஓடைவாய் வந்ததும் கருவியை மடியில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திச் சுவரைத்தான் தேடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்ததும் பள்ளிமுனையார் ஏணியோடு வந்து அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுக்காமல் விடும் வழக்கமும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது ஸீனத் சிறுமி. வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து புத்தளத்துக்குப் போய், ஓலைக் கொட்டில்களில் இருபது வருடம் கழிந்தது. வாப்பா அங்கேயே மவுத்தானார். ஸீனத் அங்கேயே கலியாணம் முடித்தார், அங்கேயே விதவையானார். சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. அறைகளுக்குள் எருக்கலை நின்றது. மூன்று சுவர்கள் கறுத்துப் பாசி பிடித்திருந்தன. கடல் பக்கத்துச் சுவர் மட்டும் முந்தாநாள் அடித்ததுபோல வெள்ளையாக இருந்தது. கடலுக்குப் போகத் தடை இருந்த வருடங்களிலும், ஊரே இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடங்களிலும் பள்ளிமுனையார் அதை அடித்திருக்கிறார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த அன்ரோனெற் என்ற மீனவப் பெண் அன்றைக்கு ஸீனத்தைப் பார்க்க வந்திருந்தார். ஸீனத் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழ, அவர் சங்கடப்பட்டார்.

“உங்களுக்காக எண்டு பொய் சொல்ல மாட்டன் அக்கா. எங்கட வள்ளத்துக்காகத்தான்.”

“ஆருக்காக எண்டு நான் கேக்கேல்லையே,” என்றார் ஸீனத். “அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்.”

போர் முடிந்து சில வருடங்களில் வீதிகள் அகலமாகி, நகரத்தில் மாடிக் கட்டடங்கள் எழும்பின. அப்போது கட்டட அனுமதி தரும் திட்டக் கந்தோரில் இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, ஓடைவாயிலிருந்து முகட்டுச் சுவருக்கும் மணிக்கோபுரத்துக்கும் போகும் பார்வைக் கோட்டை எந்தக் கட்டடமும் மறைக்கக் கூடாது. மற்றது, ஸீனத்தின் வீடு பழமை காரணமாகப் பாதுகாக்கப்பட்டது. அதை இடிக்கக் கூடாது, அதன்மேல் மாடி எழுப்பக் கூடாது. முதல் விதியால் பள்ளிமுனைக்கு நிம்மதி. இரண்டாவதால் ஸீனத்துக்குப் பெருமை, ஆனால் பெருமையைக் கொண்டு கூரை போட முடியாது. கூரையைத் தாங்கும் வளைமரங்களைக் கறையான் தின்றிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைத்து வரும் வருமானத்தில் ஒரு மரம் மாற்ற ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் இரண்டு மரங்கள் உக்கின. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த காணியை ஜவாஹிர் ஹாஜியார் வாங்கினார். அவரும் புத்தளத்திலிருந்து திரும்பியவர், வியாபாரி, சிரித்த முகம். ஒன்பது தட்டு ஹோட்டல் கட்ட விரும்பினார். விதி ஐந்து தட்டுக்குத்தான் இடம் தந்தது. கந்தோரில் இருந்த சுபாஸ்கரன் என்ற இளம் உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார்: பாதுகாக்கப்பட்ட வீட்டுக்காரர் தான் கட்ட முடியாத உயரத்தைப் பக்கத்துக் காணிக்கு விற்கலாம், அந்தப் பணத்தில் வீட்டைத் திருத்தலாம், வீடும் நிற்கும், நகரமும் வளரும்.

ஜவாஹிர் வீட்டுக்கு வந்து இதை விளங்கப்படுத்தினார். “தங்கச்சி, மேல கட்ட உங்களைச் சட்டம் விடாது. ஆனா மேல போற உரிமை உங்கட பேரில சும்மா கிடக்குது.”

“சும்மா கிடக்குதெண்டா, எங்க கிடக்குது நானா?”

ஜவாஹிர் யோசித்துவிட்டு விரலால் மேலே காட்டினார்.

விற்பனை உறுதிப் பத்திரம் எழுதும்போது வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, தெற்கு எல்லை, மேற்கு எல்லை எல்லாம் வழக்கம்போல் எழுதப்பட்டன. கீழ் எல்லை கூரையின் முகடு என்று சுபாஸ்கரன் கவனமாகச் சேர்த்தார். மேல் எல்லை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் எந்த உறுதியிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. அதனால் ஸீனத் நாலு தட்டு உயரத்தை விற்க நினைத்து முழு வானத்தையும் விற்றார்.

விற்றதால் நன்மை வந்ததை மறைப்பதற்கில்லை. கூரை முழுவதும் புதிதாயிற்று. நனையாத கூரையைக் கறையானும் நாடவில்லை. மாரி காலத்தில் ஊரெல்லாம் ஈரத் துணியோடு தவிக்கும்போது ஸீனத்தின் முற்றத்தில் அயலவர் உடுப்பு காய்ந்தது, கலியாண வீட்டு மெத்தைகள் காய்ந்தன. காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் வந்தன. உச்சி வெயில் மட்டும் இல்லை. அன்ரோனெற் மாரியில் மீன் காயவைக்க இடம் தேடி அலைவதைக் கண்ட ஸீனத், கிணற்றடிக்குப் பக்கத்தில் பரண் போட்டுக்கொள்ளச் சொன்னார். வாடகை பேச்சு வந்தபோது அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். ஹோட்டலும் எழும்பியது. பார்வைக் கோட்டுக்காக அதன் இரண்டாம் மூன்றாம் தட்டுகளில் ஒரு பெரிய ஓட்டை விடப்பட்டிருந்தது. கடலில் இருந்து பார்த்தால் ஓட்டைக்குள் வெள்ளைச் சுவரும், சுவருக்கு மேல் மணிக்கோபுரமும் படம் மாட்டியதுபோல் தெரிந்தன. ஓட்டைக்கு மேலே ஆறு தட்டுகள். அவற்றில் மேல் நாலும் ஸீனத்தின் வானத்தில் நின்றன. அங்கே தங்கிய வெளிநாட்டார் ஜன்னலைத் திறந்ததும் புளியாணத்தின் மணம் வருகிறதென்று சொன்னார்கள். கீழே குசினியில் புளியாணம் வைத்தவர் ஸீனத். மழை வந்தால் ஹோட்டலின் தலையில் இரண்டு மடங்கு கொட்டியது, தன் மழை ஒன்று, வாங்கிய மழை ஒன்று.

இரண்டாவது மாரி முடிந்தபோது கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. குடிக்கக் குழாய்த் தண்ணீர் இருந்தபடியால் ஸீனத் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு சுவர்களின் அடி உதிரத் தொடங்கியது. காலையில் கூட்டினால் ஒரு சுளகு நிறைய வெள்ளை மா. சுபாஸ்கரன் வந்து குந்தியிருந்து சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முருகைக்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சித்தான் இத்தனை காலம் நின்றது, மழைத் தண்ணீர் இறங்காத நிலத்தில் கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது, கல் இப்போது உப்பைக் குடிக்கிறது என்று சொன்னார். எவ்வளவு காலம் தாங்கும் என்று ஸீனத் கேட்டதற்கு அவர் நகத்தில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டார். மகள் றுஷ்தா புத்தளத்திலிருந்து நாளாந்தம் போன் எடுத்தார். “உம்மா, சுவர் விழுகிறதுக்கு முதல் வந்திருங்கோ. இங்க அறை இருக்கு.” ஸீனத் பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போனை வைத்தார். அந்த வீட்டுக் கதவை இன்னொரு தரம் வெளியிலிருந்து பூட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் தையல் மெஷினுக்கு ஒரு பெட்டி அடிக்கச் சொல்லிவிட்டார்.

வானத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று கந்தோரில் கேட்டார். விற்ற உயரத்தில் கட்டடம் நிற்கும்வரை திருப்ப விதியில்லை என்றார்கள். ஜவாஹிரும் கேட்டுப் பார்த்தார். இரட்டை மழையால் அவருடைய மேல்தட்டு ஒழுகியது. அவருக்கும் அதே பதில். இந்தச் செய்தியை ஸீனத் கிணற்றடியில் மீன் புரட்டிக்கொண்டிருந்த அன்ரோனெற்றிடம் சொன்னார். முகட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த மாவை அன்ரோனெற் விரலில் தொட்டுப் பார்த்தார். அந்தச் சுவர் போனால் குறியும் போகும். அவர் அன்றைக்கே தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஸீனத்தையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். சுபாஸ்கரனையும் அங்கே வரச் சொன்னார்கள்.

“முதலாளி, குறிக் கோட்டுக்கு மேல இருக்கிற வானம் இந்த அக்காவின்ர இல்லை. தன்ர இல்லாத சாமானைத்தான் உங்களுக்கு வித்திருக்கிறா.”

ஸீனத் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். ஜவாஹிர் சிரித்தார். “அப்ப ஆற்ற?”

“எங்கட.”

“பள்ளிமுனையில ஆரிட்டயாவது உறுதி இருக்கோ?”

“சுண்ணாம்பு இருக்கு,” என்றார் அன்ரோனெற்.

சுபாஸ்கரன் பேனையை மூடினார், திரும்பத் திறந்தார். முதல் விதிப்படி பார்வைக் கோட்டை யாரும் மறைக்க முடியாது, ஆகவே அது யாருக்கும் சொந்தமாகவும் முடியாது. சொந்தமில்லாததை விற்க முடியாது. கோடு போகும் பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு வானம் விற்கப்படவே இல்லை என்று எழுதலாம். அதற்கு வாங்கியவரின் ஒப்பம் வேண்டும். வாங்கியவருக்கு ஓட்டைக்கு நேர் மேலே, மேல் நாலு தட்டிலும் தட்டுக்கு ஒன்றாக நாலு அறைகள் போகும். கடலைப் பார்த்த, ஹோட்டலின் மிக நல்ல அறைகள். ஜவாஹிர் தேத்தண்ணி வரவழைத்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

“கற்பிட்டிக்குப் போன அண்டைக்கு நாங்க இருந்த வள்ளத்தை ஓட்டினது ஒரு பள்ளிமுனை ஆள்,” என்றார் பிறகு. “வாப்பா கூலி குடுக்கப் போக, அவர் வாங்கேல்லை. பேர் கேக்கவும் மறந்து போனம்.” அன்ரோனெற்றைப் பார்த்தார். “உங்கட ஆக்களில ஆராய் இருக்கும்?”

“எல்லாரும் தானெண்டுதான் சொல்லுவினம் முதலாளி. கூலி குடுக்கப் போறீங்களெண்டா இன்னும் கூடுதலா வருவினம்.”

ஜவாஹிர் சத்தமாகச் சிரித்து, எங்கே ஒப்பம் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

பட்டையின் அகலத்தைக் கடலில் இருந்துதான் அளக்க முடியும். சுபாஸ்கரன் வெள்ளாங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. வள்ளத்தில் ஏறியது அதுதான் முதல் தரம். ஓடைவாய் வரும் முன்னமே வாந்தி எடுத்தார். அன்ரோனெற்றின் புருஷன் வள்ளம் ஓட்ட, அன்ரோனெற் முன்னணியத்தில் இருந்து கோடு சொன்னார். ஸீனத் கிணற்றுக் கட்டில் ஏறி ஒரு தடியில் சிவப்புச் சேலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடைவாயில் ஒரு வள்ளம் நிற்கும் அகலத்தைச் சுபாஸ்கரன் வரைபடத்தில் கீறினார். கோடு முகட்டுச் சுவரைப் பிடித்தது, முற்றத்தில் பாதியைப் பிடித்தது. சிவப்புச் சேலை ஒரு கை நீளத்துக்கு வெளியே நின்றது. கிணறு வராவிட்டால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும் வாசலும் வராது. சுபாஸ்கரன் வெளிறிய முகத்தோடு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவு பிழை தம்பி,” என்றார் அன்ரோனெற். “நீங்க அளந்தது காத்தில்லாத நாளுக்கு. வாடைக்கு வள்ளம் தெற்க தள்ளுப்படும். தள்ளுப்பட்டு நிண்டும் நாங்க குறி பாக்கவேணும். இன்னும் ஒரு வள்ளம் தெற்க போடுங்கோ.”

புருஷன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தெற்கே ஒரு வள்ளத்து அகலம் போட்டால் கிணறு உள்ளே வரும், கிணற்றடியில் இருந்த அவர்களுடைய மீன் பரணும் மழைக்குள் வரும்.

“ஓம் தம்பி,” என்றார் அவரும். “வாடைக்குத் தள்ளும்.”

அது உண்மையாகவே அவ்வளவு தள்ளுமா என்று பிற்பாடு பள்ளிமுனையில் பலரிடம் கேட்டாயிற்று. சிலர் தள்ளும் என்றார்கள், சிலர் வள்ளத்தைப் பொறுத்தது என்றார்கள். அன்றைக்குச் சுபாஸ்கரன் மறுகேள்வி கேட்காமல் கோட்டை மாற்றினார்.

ஒப்பம் வைத்த கிழமை ஹோட்டலின் அந்த நாலு அறைகளும் இறங்கின. மேலதிலிருந்து ஒவ்வொன்றாக, அலுமாரி லாச்சியை இழுப்பதுபோல மெதுவாக முன்னுக்கு வந்து, லிப்ற் இறங்கும் வேகத்தில் கீழே வந்து, ஓட்டைக்கு வெளியே கடற்கரை மணலில் வரிசையாக இருந்துகொண்டன. ஜன்னல் சீலைகள் கிழியவில்லை, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் சரியவில்லை. ஒன்பதாம் தட்டில் தங்கியிருந்த தம்பதி கதவைத் திறந்து மணலில் காலை வைத்தார்கள். வாடகையில் குறைப்பு உண்டா என்று மட்டும் கேட்டார்கள். ஜவாஹிர் அந்த அறைகளில் ஒன்றைத் தேத்தண்ணிக் கடையாக்கினார், மற்ற மூன்றையும் கடற்கரை அறைகள் என்று சொல்லி முன்னிலும் நன்றாக வாடகைக்கு விட்டார். ஹோட்டலின் உச்சி இப்போது நடுவில் பிளந்து இரண்டு கொம்புகள் போல் நிற்கிறது. புதிதாக வருபவர்கள் அதை அழகுக்குக் கட்டியது என்று நினைக்கிறார்கள்.

அடுத்த மாரியின் முதல் மழை மத்தியானம் வந்தது. கடலிலிருந்து இரண்டு கொம்புகளுக்கும் நடுவால் ஒரு பட்டையாக வந்து, முகட்டுச் சுவரை நனைத்து, கூரையில் ஒரு பக்கத்தை நனைத்து, முற்றத்தைக் கடந்து கிணற்றுக்குள் விழுந்தது. ஸீனத் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்து, நின்ற இடத்திலேயே மண்ணில் நெற்றியை வைத்துச் சுஜூது செய்தார். அன்ரோனெற் அன்று காலையே பரணைப் பிரித்து, மதிலோரம் காய்ந்த பக்கத்தில் சின்னதாக மாற்றியிருந்தார். இடம் போதுமா என்று ஸீனத் கேட்டார். “மீன் குறைஞ்சு போச்சு அக்கா, இடம் காணும்,” என்று அவர் சொன்னார். அந்த வருடம் மீன் குறையவில்லை.

உப்பு ஒரு மாரியில் போகவில்லை. இரண்டாவது மாரியில் கிணற்றில் உவர்ப்புக் குறைந்தது. சுவர் உதிர்வது நின்றது. சுளகில் மா விழாத முதல் காலையில் ஸீனத் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்து, ஜவாஹிருக்கும் சுபாஸ்கரனுக்கும் கொடுத்தனுப்பினார். பள்ளிமுனைக்குத் தானே ஒரு பெரிய கேத்தலோடு போனார். நடந்தே போனார், ஒவ்வொரு வீட்டிலும் ஊற்றினார். சிலருக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் குடித்தார்கள். தையல் மெஷினுக்கென்று அடித்த பெட்டியில் இப்போது கோழி அடைகாக்கிறது. றுஷ்தா விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து போகிறார்.

நகரத்தில் இன்னும் கட்டடங்கள் எழும்புகின்றன. மற்றப் பக்கத்து வானம் ஜவாஹிருடையதாகவே இருக்கிறது. அவராலும் அதைத் திருப்பித் தர முடியவில்லை, ஸீனத்தும் கேட்பதில்லை. மழை வந்தால் ஸீனத் ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் பட்டையின் விளிம்பில் போட்டு, மடியில் சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்குவார். கால்கள் இரண்டும் நனையும். அரிசி நனையாது.